ஆறு விட்டுப்போன ஊர்



எம்டன் என்று சொன்னதும் இந்த அரங்கில் இருக்கும் எல்லோர் மனத்திலும் ஒரு கப்பல்தான் வந்து நின்றிருக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வெளியே கடலில் நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அரை மணி நேரத்துக்குள் இருட்டில் மறைந்துபோன கப்பல். உயர்நீதிமன்ற வளாகத்தில் அதற்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஏழு வாரம் கழித்து, நவம்பர் 9 அன்று, கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி அதை வீழ்த்தியது. பிழைத்த மாலுமிகள் தம் குடும்பப் பெயரோடு எம்டன் என்பதையும் சேர்த்துக்கொள்ள உரிமை பெற்றார்கள். நம் ஊரில் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை யாருக்கு வேண்டுமானாலும் சூட்டுகிறோம், உரிமை ஏதும் வாங்காமலே. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்ற கதை மேடைகளில் இன்றும் ஓடுகிறது. அதற்கு நம்பத்தகுந்த சான்று எதையும் நான் பார்த்ததில்லை. கேட்க நன்றாக இருப்பதெல்லாம் வரலாறு ஆகிவிடாது.

கப்பல் கதை இத்துடன் போதும். அந்தக் கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஊரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். 1908-ல் டான்சிக் கப்பல் கட்டும் தளத்தில் அதை நீரில் இறக்கியபோது பெயர் சூட்டியவர் எம்டன் நகர மேயர் லியோ ஃபூர்பிரிங்கர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

ஜெர்மனியின் வரைபடத்தில் வடமேற்கு மூலையைப் பாருங்கள். எம்ஸ் ஆறு வடகடலில் கலக்கும் வாய். எதிர்க்கரை நெதர்லாந்து. இந்தக் கரைப்பகுதிக்குக் கிழக்கு ஃபிரீஸ்லாந்து என்று பெயர். அதன் துறைமுக நகரம் எம்டன். மக்கள்தொகை சுமார் 50,000. நிலம் தட்டையானது. குன்று என்று சொல்ல ஒன்றும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களும் உண்டு. ஊருக்குள் எந்தத் தெருவில் நடந்தாலும் சற்று நேரத்தில் ஒரு வாய்க்கால் குறுக்கே வரும்.

சுற்றுலாக் கையேடுகள் இந்த வாய்க்கால்களை அழகுக்காக வெட்டினது போல எழுதுகின்றன. முதலில் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இவை வடிகால்கள். நம் பக்கத்தில் வாய்க்கால் என்றால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது. அங்கே வயலிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது. கடலோரம் முழுக்க உயரமான மண்கரை. கரையில் ஆங்காங்கே மதகுகள். கடல் வற்றும்போது மதகு திறக்கும், உள்நீர் வெளியே போகும். கடல் ஏறும்போது மூடிக்கொள்ளும். இது போதாத இடத்தில் முன்பு காற்றாலை இறைத்தது, இன்று மின்பம்பு இறைக்கிறது. எம்டனுக்கு மேற்கே க்னோக் என்ற முனையில் 1960களின் முடிவில் கட்டிய பெரிய இறைப்பு நிலையம் இருக்கிறது. மழைக்காலத்தில் அது சில நாள் நின்றுபோனால் பின்னாலிருக்கும் கிராமங்களின் வயல்கள் ஏரியாகிவிடும். வெட்டிய வடிகால் வெட்டியபடியே கிடக்கிறது, அதில் படகும் விட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. போக்குவரத்து அப்படி வந்து சேர்ந்தது.

ஊர் தோன்றியது சுமார் 800-ஆம் ஆண்டளவில். வெள்ளத்துக்கு அஞ்சி மண்மேடு எழுப்பி, அதன்மேல் ஃபிரீசிய வணிகர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். எம்ஸ் ஆறு அப்போது ஊரின் மதிலை உரசிக்கொண்டு ஓடியது. உள்நாட்டுக்குப் போகும் சரக்குப் படகு எதுவும் எம்டனைத் தாண்டாமல் போக முடியாது. 1400 வாக்கில் கடற்கொள்ளையர் இங்கே அடைக்கலம் பெற்றார்கள். வணிகர்களைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு ஹாம்பர்க்காரர்கள் 1433-ல் ஊரைப் பிடித்து இருபது ஆண்டு வைத்திருந்தார்கள். 1494-ல் மன்னர் மாக்சிமிலியன் ஓர் உரிமை வழங்கினார்: ஆற்றில் போகும் கப்பல்கள் இங்கே நின்று, சரக்கை இறக்கி, விற்பனைக்கு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்த ஆண்டு நகரச் சின்னமும் கொடுத்தார். மதிலின் மேல் இறக்கை விரித்த பெண்முகப் பறவை, கீழே அலைகள். ஊர்க்காரர்கள் செல்லமாக அதை மதில்மேல் இருக்கும் சின்னத் தேவதை என்பார்கள். நகரமன்றத் தாளிலும் பழைய கட்டடங்களின் முகப்பிலும் இன்றும் காணலாம்.

சின்னம் கிடைத்துப் பதினான்கே ஆண்டுகளில் அலைகள் இடம் மாறிவிட்டன.

1509 செப்டம்பர் இறுதியில் ஒரு பெரும்புயல். வடகடல் பொங்கி ஆற்றுவாய்க்குள் புகுந்தது. எம்டனுக்கு எதிரே எம்ஸ் ஆறு ஒரு பெரிய வளைவு போட்டு வந்துகொண்டிருந்தது. வெள்ளம் அந்த வளைவின் கழுத்தை அறுத்து நேராகப் புது வழி கண்டுவிட்டது. ஆற்றுக்கு எப்போதும் குறுக்கு வழிதான் பிடிக்கும். நீரோட்டத்தின் பெரும்பகுதி தெற்கே நகர்ந்தது. மதிலோரம் ஓடிய பழைய பாதையில் ஓட்டம் குறைந்து, குறைந்த இடத்தில் வண்டல் படியத் தொடங்கியது. ஒரே நாளில் துறைமுகம் செத்துப்போகவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அடிமட்டம் உயர்ந்தது. தகப்பன் காலத்தில் வந்த கப்பல் மகன் காலத்தில் தரைதட்டியது.

நகரத்தார் சும்மா இருக்கவில்லை. 1581-ல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஆற்றின் புது வழியில் ஓக் மரக் கழிகளை வரிசையாக அடித்து, நான்கு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடுப்பு ஒன்றை எழுப்பி, ஆற்றைப் பழைய பாதைக்கே திருப்பிவிடுவது என்று திட்டம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலை நடந்தது. கட்டக் கட்டக் கடல் ஏறியிறங்கும் ஓட்டம் அடிவாரத்தை அரித்துக்கொண்டே இருந்தது. பழுது பார்க்கும் செலவு கட்டிய செலவுக்குச் சமமாக வளர்ந்தது. முப்பதாண்டுப் போர்க் காலத்தில், கையில் காசில்லாத நிலையில், கைவிட்டார்கள். அந்தக் காலத்து நீரியல் அறிவுக்கு அது மிகத் துணிச்சலான முயற்சி என்றுதான் நான் சொல்வேன். தோற்றதால் மட்டும் அதை முட்டாள்தனம் என்று எழுதிவிடுகிறார்கள்.

இதில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். ஆறு விலகிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் எம்டன் தன் வரலாற்றிலேயே மிகப் பணக்கார ஊராக இருந்தது. ஆறு போயிற்று, ஆட்கள் வந்தார்கள். நெதர்லாந்தில் ஸ்பானிய ஆட்சி. கால்வினியக் கிறித்தவர்களை ஆல்பா பிரபு வேட்டையாடுகிறார். தப்பியவர்களுக்குக் கடல்வழியே எளிதில் எட்டும் ஊர் எம்டன். நெசவாளர், அச்சகத்தார், கப்பல் முதலாளிகள், வட்டிக்கடைக்காரர் எல்லோரும் கப்பலோடும் கணக்குப் புத்தகத்தோடும் வந்து இறங்கினார்கள். சில ஆயிரம் பேர் இருந்த ஊரில் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சுமார் 20,000 பேர். வீட்டு வாடகை ஏறியது, உள்ளூர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். அகதிகளால் ஊர் கெட்டது என்ற பேச்சு எந்த நூற்றாண்டிலும் கிடைக்கும். ஆனால் அந்த நூற்றாண்டில் எம்டனில் கட்டிய நல்ல கட்டடங்களில் பலவற்றுக்கும் அவர்கள் கொண்டுவந்த பணமும் கைத்திறனும்தான் காரணம். பெல்ட்ஸர் தெருவில் 1585-ஐச் சேர்ந்த வணிகர் வீடு ஒன்று போருக்குத் தப்பி நிற்கிறது. அடுக்கடுக்காகக் குறுகும் அதன் செங்கல் முகப்பைப் பார்த்தால் நெதர்லாந்திலேயே நிற்பது போலத் தோன்றும். 1574 முதல் 1576 வரை நகரமன்றக் கட்டடம் எழுந்தது. ஆன்ட்வெர்ப் நகரமன்றத்தை மனத்தில் வைத்துக் கட்டியவர் அந்த ஊரிலிருந்தே வந்த லாரன்ஸ் ஃபன் ஸ்டேன்விங்கல். ஓடிவந்த ஊரின் சாயலைப் புது ஊரின் நடுவே எழுப்பிக்கொண்டார்கள்.

பெரிய தேவாலயம் என்றே பெயர் கொண்ட கோயிலுக்கு வருவோம். போலந்து நாட்டுப் பிரபு குலத்தில் பிறந்த யான் லாஸ்கி என்பவர் 1540களில் எம்டன் திருச்சபையைச் சீர்திருத்தி அமைத்தார். இளமையில் அறிஞர் எராஸ்மஸின் வீட்டில் தங்கியிருந்தவர். எராஸ்மஸ் உயிரோடு இருக்கும்போதே, அவர் இறந்தபின் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, அவருடைய நூலகம் முழுவதையும் விலைபேசி வாங்கியவர். அந்த நூல்களில் சில கைமாறிக் கைமாறி எம்டனுக்கு வந்து சேர்ந்தன. 1562-ல் டச்சு மொழியில் ஒரு பைபிள் இங்கே அச்சாகி, அது தடை செய்யப்பட்டிருந்த நெதர்லாந்துக்குள் கடத்தலாகப் போனது. 1571 அக்டோபரில் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் முதல் பெருமன்றம் கூடியதும் இங்கேதான். சொந்த நாட்டில் கூட முடியாதவர்கள் அடுத்த நாட்டில் கூடினார்கள். எந்தச் சபையும் மற்றொரு சபையின் மேல் அதிகாரம் செலுத்தக் கூடாது என்பது அங்கே எடுத்த முடிவுகளில் முதன்மையானது. அந்தக் கோயிலின் கிழக்கு வாயிலுக்கு மேல் 1660-ல் வைத்த ஒரு புடைப்புச் சிற்பத்தில் அலையில் ஆடும் கப்பல் ஒன்று தெரியும். துன்புறுத்தப்பட்டு வந்த சபைக்கு இங்கே ஆறுதல் கிடைத்தது என்று சுற்றிலும் பொறித்திருக்கிறார்கள். வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வைத்த நன்றிக்கல் அது.

அந்தக் கோயில் இப்போது கோயில் இல்லை. 1943 டிசம்பரில் குண்டுவீச்சில் எரிந்து அரைநூற்றாண்டு இடிபாடாக நின்றது. 1995-ல் பழைய சுவர்களை அப்படியே விட்டு உள்ளே புதிய கட்டடம் எழுப்பி, லாஸ்கியின் லத்தீன் பெயரால் யோஹன்னஸ் ஆ லாஸ்கோ நூலகம் ஆக்கினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. எரிந்து சிவந்த தூணை ஒட்டியே வாசிப்பு மேசை. எம்டனில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

1595 மார்ச் 18 அன்று அதே கோயிலில் கூடிய நகரத்தார், தங்கள் நாட்டுப் பிரபு இரண்டாம் எட்சார்டின் வரிகளும் தலையீடும் இனிச் செல்லாது என்று முடிவுகட்டி, நகரமன்றத்தையும் பிரபுவின் கோட்டையையும் கைப்பற்றினார்கள். எம்டன் புரட்சி என்று வரலாற்றில் பெயர். டச்சுக்காரர்கள் பின்னால் நின்றதால் பிரபு பணிய வேண்டியதாயிற்று. சில ஆண்டுகள் கழித்து இந்த நகரம் தனக்குச் சட்ட ஆலோசகராக யாரைக் கூப்பிட்டது தெரியுமா? யோஹன்னஸ் அல்தூசியுஸ். ஆட்சியுரிமை மக்கள் கூட்டத்துடையது, அரசன் அதை நிர்வகிப்பவன் மட்டுமே என்று 1603-ல் நூல் எழுதிய பேராசிரியர். கூட்டாட்சிக் கோட்பாட்டின் வரலாறு எழுதுகிறவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். 1604 முதல் 1638-ல் இறக்கும்வரை அவர் எம்டனிலேயே இருந்து, பிரபு வம்சத்தோடு ஓயாமல் வழக்காடினார். எழுதிய கோட்பாட்டை ஒரு நகரத்தின் அன்றாட வழக்குகளில் போட்டு உரசிப் பார்க்கும் வாய்ப்பு அரசியல் அறிஞர்களில் மிகச் சிலருக்கே வாய்த்தது.

பிரபுவுக்கு அஞ்சிய நகரம் தன்னைச் சுற்றி மண்மதிலும் அகழியும் எழுப்பியது, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். மதில் இன்று மரங்கள் அடர்ந்த பூங்கா. கோணல்மாணலாக வளைந்து வளைந்து போகும் நடைபாதை. கொத்தளங்களின் மேல் காற்றாலைகள். மாலை நடைக்கு அருமையான இடம். கீழே அகழியில் துடுப்புப் படகுகள். 1635-ல் கட்டிய துறைமுக வாசல் ஒன்று மிஞ்சியிருக்கிறது. எம்டனுக்குப் பாலமும் துறைமுகமும் காற்றும் கடவுளே என்று அதில் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு இல்லாத துறைமுகம் வேறு யாரை நம்பும்?

சொல்லாமல் தாண்டிப்போக முடியாத ஓர் அத்தியாயம் உண்டு. 1683-ல் பிராண்டன்பர்க் ஆட்சியாளர் தம் ஆப்பிரிக்கக் கம்பெனியின் தலைமையகத்தை எம்டனுக்கு மாற்றினார். இன்றைய கானாக் கரையில் அவர்களுக்கு ஒரு கோட்டை, கரீபியனில் செயின்ட் தாமஸ் தீவில் ஒரு சந்தை. நடுவே கப்பலில் போனது மனிதர்கள். ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்ற கம்பெனியின் கணக்கு இந்த வாய்க்கால் கரையில் எழுதப்பட்டது. அகதிக் கப்பல் சிற்பத்தைப் பெருமையோடு காட்டும் ஊரில் இந்தக் கப்பல்களையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

1744-ல் பிரபு வம்சம் வாரிசில்லாமல் முடிந்தது. பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் ஊரை எடுத்துக்கொண்டார். கையில் ஒரு வடகடல் துறைமுகம் வந்ததும் அவருக்கு ஆசை. 1751-ல் எம்டனில் ஆசியக் கம்பெனி ஒன்று. 1752 தொடக்கத்தில் 'பிரஷ்ய மன்னர்' என்ற கப்பல் கான்டனுக்குப் புறப்பட்டு, அடுத்த ஆண்டு தேயிலையும் பீங்கானும் பட்டும் சுமந்து திரும்பியது. சில பயணங்கள் நடந்தன, லாபமும் வந்தது. 1757-ல் ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுப் படை எம்டனுக்குள் நுழைந்தது. கம்பெனி அதன்பின் எழவில்லை.

கம்பெனி போனாலும் தேயிலை போகவில்லை. தேநீரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச அனுமதி கொடுங்கள், விஷயம் அப்படிப்பட்டது. ஜெர்மானியர் காபி குடிப்பவர்கள். கிழக்கு ஃபிரீசியர் மட்டும் ஆண்டுக்கு ஆளுக்குச் சுமார் 300 லிட்டர் தேநீர் குடிக்கிறார்கள். உலகில் எந்த நாட்டின் சராசரியும் இதைத் தாண்டுவது அரிது. கலவையின் முதுகெலும்பு நம் அசாம் தேயிலை. முறை கறாரானது. மெல்லிய சிறு பீங்கான் கோப்பையில் முதலில் ஒரு பெரிய கற்கண்டுக் கட்டி. அதன்மேல் கொதிக்கும் தேநீரை ஊற்றினால் கற்கண்டு விரிசல் விட்டுப் படபடக்கும். அந்த ஓசை கேட்காவிட்டால் தேநீர் ஆறிப்போனது என்று பொருள். பிறகு சிறு கரண்டியால் கோப்பை விளிம்பையொட்டிப் பாலாடை. அது அடிக்குப் போய் மேகம் போல மேலே விரியும். கலக்கக் கூடாது. கலக்கினால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். முதல் மடக்கு பாலாடை, நடுவில் தேயிலைக் கசப்பு, கடைசியில் இனிப்பு. விருந்தாளி மூன்று கோப்பையாவது குடிக்க வேண்டும். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டும். வாயால் சொன்னால் நடக்காது, ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். காசு வெளிநாட்டுக்குப் போகிறதே என்று ஃபிரெடரிக் மன்னர் 1770களின் பிற்பகுதியில் இந்தப் பழக்கத்தை ஒடுக்கப் பார்த்தார். தேநீருக்குக் கப்பல் விட்ட அதே மன்னர்! பாச்சா பலிக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் பங்கீட்டு அட்டை வந்தபோதுகூட இந்தப் பகுதிக்குத் தேயிலையில் தனிச்சலுகை கொடுக்க வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எம்டன் ஒரு தூங்குமூஞ்சி ஊர். நெப்போலியன் வந்தார், போனார். பிறகு ஹனோவர் அரசின் கீழ் ஒரு மூலை. துறைமுகத்தில் கடல் வற்றினால் சேறுதான் தெரியும். 1840களின் கடைசியில் ஆற்றுக்குப் போக ஒரு புது வாய்க்காலை வெட்டி, வாயில் கதவு போட்டார்கள். ஆற்றை ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் அதோடு ஒழிந்தது. ஊரை ஆற்றுக்குக் கொண்டுபோவது என்று மாற்றிக்கொண்டார்கள். பின்னால் எம்டனில் நடந்தவை எல்லாம் இந்த ஒரு மாற்றத்தின் நீட்சி என்பது என் கருத்து.

ஃபூர்பிரிங்கரைச் சொன்னேனே, அவர் 1875-ல் மேயரானார். 1913 வரை மேயராகவே இருந்தார். இந்த 38 ஆண்டுகளில் எம்டனுக்கு இரண்டு பெரிய கால்வாய்கள் வந்தன. 1880 முதல் 1888 வரை வெட்டிய எம்ஸ்-யாடே கால்வாய் கிழக்கே 72 கிலோமீட்டர் ஓடி வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் கடற்படைத் தளத்தைத் தொடுகிறது. அதைவிடப் பெரிது 1899-ல் திறந்த டார்ட்முண்ட்-எம்ஸ் கால்வாய். ரூர் பகுதியில் நிலக்கரியும் உருக்காலைகளும் இருந்தன. ஆனால் ரைன் ஆற்றின் வாய் நெதர்லாந்தின் கையில். ஜெர்மன் மண்ணிலேயே கடலுக்கு ஒரு வழி வேண்டும் என்று, ஆற்றையும் சேர்த்துச் சுமார் 270 கிலோமீட்டருக்கு நீர்வழி அமைத்தார்கள். அதன் கடல்வாசல் எம்டன். ஸ்வீடன் இரும்புத் தாது உள்ளே, நிலக்கரி வெளியே. 1913-ல் திறந்த கடல் மதகு 260 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். அன்றைய உலகின் பெரியவற்றில் ஒன்று. கடற்படைக் கப்பலுக்கு இந்த ஊர்ப் பெயர் விழுந்ததும் இந்த ஏறுமுகக் காலத்தில்தான்.

பெரிய மதகைவிட எனக்குப் பிடித்தது ஊருக்குள் இருக்கும் சிறியது. கெஸல் ஷ்லாய்ஸ, அதாவது அண்டா போல வட்டமான மதகு. நான்கு நீர்வழிகள் அந்த இடத்தில் சந்திக்கின்றன: எம்ஸ்-யாடே கால்வாய், நகர அகழி, ஃபேன்ட்யர் வடிகால், பழைய துறைக்குப் போகும் வாய்க்கால். நான்கிலும் நீர்மட்டம் வேறு வேறு. நேராக இணைத்தால் மேலே இருப்பது கீழே பாய்ந்து தாழ்ந்த வயல்களை மூழ்கடிக்கும். அதனால் நடுவே ஒரு வட்டக் குளம். அதிலிருந்து நான்கு திசைக்கும் நான்கு தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் கதவுகள். படகு ஒரு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடும், நீர்மட்டம் குளத்துக்குச் சமமாகும், முன்கதவு திறக்கும். குளத்தில் திரும்பி வேண்டிய திசைத் தொட்டிக்குள் போனால் அங்கே மறுபடி ஏற்றமோ இறக்கமோ. 1880களில் கட்டியது, இன்றும் இயங்குகிறது. பிரான்சில் அக்ட் என்ற ஊரில் ஒரு வட்ட மதகு உண்டு. அதற்கு வாயில் மூன்றுதான். கோடையில் பாதிக்கு மேல் உல்லாசப் படகுகள்தாம் என்றாலும், மதகுக்காரரின் முகத்தில் விளையாட்டு இல்லை. நான்கு நீர்மட்டங்களும் அவர் பொறுப்பு.

அந்த நான்கில் ஃபேன்ட்யர் வடிகாலுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரமே இருந்தது. முப்பதாண்டுப் போரில் எம்டனுக்கு அடுப்பெரிக்கும் கரிமண் வருவது தட்டுப்பட்டது. 1633-ல் எம்டன் வணிகர் நால்வர் உள்நாட்டுச் சதுப்புநிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வாய்க்கால் வெட்டி, அதன் கரைகளில் ஆட்களைக் குடியேற்றினார்கள். குரோஸஃபேன் என்ற ஊர் அப்படி உண்டானது. கரிமண்ணை வெட்டிப் படகில் ஏற்றி எம்டனுக்கு அனுப்புவது, திரும்பும் படகில் நகரக் கழிவையும் கடற்சேற்றையும் ஏற்றி வந்து வெட்டிய நிலத்தில் உரமாகப் போடுவது. துறைமுகத்துக்குப் பகையான சேறு இருபது கிலோமீட்டர் தள்ளி விளைச்சலாயிற்று.

பழைய துறைக்கு இப்போது ராட்ஸ்டெல்ஃப்ட் என்று பெயர். நகரமன்றத்துக்கு எதிரே இருக்கிறது. ஒரு மிதக்கும் கலங்கரை விளக்கக் கப்பல், ஒரு மீட்புக் கப்பல், ஒரு ஹெர்ரிங் மீன்பிடிக் கப்பல், மூன்றும் அருங்காட்சியகங்களாகக் கட்டிக்கிடக்கின்றன. 1872-ல் தொடங்கிய ஹெர்ரிங் கம்பெனி 1969 வரை நடந்தது. உப்பில் பதமிட்ட இளம் ஹெர்ரிங்குக்கு ஆண்டுதோறும் இன்றும் திருவிழா எடுக்கிறார்கள். மீன் அங்கே இறங்குவது நின்று அரைநூற்றாண்டு ஆயிற்று, திருவிழாவுக்குக் கூட்டம் மட்டும் குறையவில்லை.

1938 நவம்பரில் எம்டன் யூதக் கோயில் எரிக்கப்பட்டது. 1941-ல் மிச்சமிருந்த யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். சில நூற்றாண்டுகள் வாழ்ந்த சமூகம் முடிந்தது. இந்த ஊரில் பிறந்த மாக்ஸ் விண்ட்முல்லர் நெதர்லாந்தில் தலைமறைவாக இருந்து யூத இளைஞர்கள் பலரைத் தப்பவைத்தார், தாம் தப்பவில்லை. 1945 ஏப்ரலில், போர் முடிய இரண்டு வாரம் இருக்கையில், கைதிகள் நடைப்பயணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர்.

1944 செப்டம்பர் 6 மாலை நேசநாட்டு விமானங்கள் நகர மையத்தில் சுமார் எண்பது விழுக்காட்டை அழித்தன. நகரமன்றமும் போயிற்று. அதன் ஆயுதசாலைச் சேகரிப்பை முன்பே அப்புறப்படுத்தியிருந்ததால் கவசங்களும் வாள்களும் தப்பின. மக்களைக் காத்தவை தடித்த கான்கிரீட் பதுங்குகட்டடங்கள். நிலத்துக்கடியில் தோண்டினால் தண்ணீர் என்பதால் அவற்றைத் தரைக்கு மேலேயே பல மாடிகளாகக் கட்டியிருந்தார்கள். இடிக்கவும் முடியாமல் அவற்றில் பல இன்றும் தெருமுனைகளில் நிற்கின்றன, ஒன்று அருங்காட்சியகம். புதிய நகரமன்றம் 1962-ல் திறந்தது. நாள் வேண்டுமென்றே செப்டம்பர் 6. பழையதை அப்படியே நகலெடுக்காமல், உருவத்தை வைத்துக்கொண்டு அலங்காரத்தைக் குறைத்தார்கள். எனக்கு அது சரியென்று படுகிறது.

பிறகு கார் வந்தது. ஃபோக்ஸ்வாகன் 1964-ல் இங்கே ஆலை திறந்தது, அமெரிக்காவுக்குக் கப்பலேற்ற வசதி என்பதற்காகவே. ஜெர்மனியில் தயாரான, கூரை மூடிய கடைசி பீட்டில் 1978 ஜனவரியில் எம்டனிலிருந்துதான் வெளிவந்தது. இன்று மின்கார்கள். ஐரோப்பாவின் முக்கியமான கார் ஏற்றுமதித் துறைமுகங்களில் எம்டன் ஒன்று. ஊரின் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 'தஸ் போட்' படம் எடுத்த வோல்ஃப்காங் பீட்டர்சன் இங்கே பிறந்தவர். நகைச்சுவை நடிகர் ஓட்டோ வால்கஸுக்கு ஒரு காட்சியகமே இருக்கிறது; பக்கத்துத் தெருவின் போக்குவரத்து விளக்கில் பச்சை மனிதனுக்குப் பதில் அவர் துள்ளி ஓடுகிறார். 'ஸ்டெர்ன்' இதழை நிறுவிய ஹென்றி நன்னன் தம் ஓவியச் சேகரிப்பைக் கொடுத்து 1986-ல் வாய்க்கால் கரையில் கலைக்கூடம் திறந்தார். ஃபிரான்ஸ் மார்க் வரைந்த நீலக் குதிரைக் குட்டிகளுக்காகவே அங்கே போகலாம். நன்னன் நாஜிப் பிரசாரப் பிரிவில் வேலை செய்தவர் என்ற சர்ச்சை 2022-ல் மறுபடி எழுந்து, அவர் பெயரில் இருந்த பத்திரிகைப் பரிசின் பெயர் மாறியது. படங்களைப் பார்க்கும்போது அதையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

கடைசியாகச் சேற்றுக்கு வருகிறேன். எம்டனின் பழைய எதிரி அது. இருபதாம் நூற்றாண்டு முழுக்க அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். 1950களிலிருந்து கிழக்கே தாழ்ந்து கிடந்த வயல்களில் அதைக் குழாய்வழியே பரப்பி நிலத்தையே உயர்த்தினார்கள். பிறகு கொட்ட இடமில்லை, செலவும் தாங்கவில்லை. 1990 வாக்கில் துறைமுகப் பொறியாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். தூர்வாரும் கப்பல் சேற்றை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது, காற்றுப்படச் செய்கிறது, மறுபடி அதே இடத்தில் விட்டுவிடுகிறது. காற்று கிடைத்த சேற்றில் நுண்ணுயிர்கள் பெருகி அதை இறுகவிடாமல் வைத்திருக்கின்றன. இறுகாத சேறு கூழாகவே கிடக்கிறது. கூழுக்குள் கப்பலின் அடிப்பாகம் தடையில்லாமல் போகும். சேற்றை அள்ளிக் கொட்ட வேண்டாம், இளக்கமாக வைத்திருந்தால் போதும். வேறு துறைமுகங்களிலிருந்து இதைப் பார்க்க ஆள் வருகிறார்கள். எதிரொலி வைத்து அளக்கும் கருவி சேற்றின் மேற்பரப்பையே தரையென்று காட்டும். அதை நம்பினால் பல நாள் எம்டனுக்குள் கப்பல் நுழைய முடியாது. அதனால் இங்கே ஆழத்துக்கு இரண்டு கணக்கு உண்டு, தண்ணீர் முடியும் இடம் ஒன்று, சேறு கெட்டிப்படும் இடம் ஒன்று. கார்க் கப்பலை உள்ளே கொண்டுவரும் வழிகாட்டி மாலுமி இரண்டாவது கணக்கைத்தான் கேட்பார்.